மட்டிக் குழம்பும் மூன்று சுண்டெலிகளும்

தேவகோட்டை அத்தை வீட்டில் ஞாயிறு என்றால் நண்டு. போன மாதம் நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை நண்டு கிடைக்கவில்லை. தொண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் மீன்கார அம்மா கூடையின் ஈரச்சாக்கை விலக்கிக் காட்டியது மட்டி. பழுப்பும் கறுப்புமாக, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஒன்றோடொன்று உரசிச் சரசரத்துக்கொண்டு கிடந்தது. எங்கள் பக்கம் மட்டி வருவது அபூர்வம். அத்தை பேரம்கூடப் பேசாமல் ஒரு படி அளந்து வாங்கிவிட்டார்.

உள்ளே வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, இருபது வருசமா சிப்பியில வெசம் இருக்கா இல்லையான்னு பாக்குற வேலைதானே பாத்தே? இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"பாத்தாத் தெரியாது அத்தை."

"மோந்து பாரு."

"மோந்தாலும் தெரியாது. தின்னாலும் ருசியில தெரியாது."

"அப்ப என்னத்தைத்தான் படிச்சே?" என்று சொல்லிவிட்டு மட்டியைச் சட்டியில் கொட்டினார். "நாலு கொதி வந்தா எந்த வெசமும் போயிரும். மஞ்சள் போடுறேன், புளி ஊத்துறேன், பூண்டு தட்டிப் போடுறேன். இதுக்கு மேல என்ன வேணும்?"

அத்தைக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பதிலின் நீளம் அப்படி. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொதியைப் பற்றி. மட்டி, ஆளி, சிப்பி போன்ற இரட்டை ஓட்டு உயிரிகள் நாளெல்லாம் கடல்நீரை உள்ளே இழுத்து, அதிலிருக்கும் நுண்பாசிகளைச் சலித்துத் தின்று வாழ்கின்றன. அந்தப் பாசிகளில் சில நஞ்சு சுரப்பவை. அலெக்ஸாண்ட்ரியம், ஜிம்னோடினியம் கட்டெனாட்டம், பைரோடினியம் என்று சில பெயர்கள். பாசி செரித்துவிடும், நஞ்சு சதையில் தங்கிவிடும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது. தின்கிற நமக்குத்தான் முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், விரல் நுனியில் ஊசி குத்தும், அளவு கூடினால் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. செயற்கை சுவாசம் கொடுத்துக் காப்பாற்றினால், உடம்பே நஞ்சைக் கழித்துவிடும். இந்த முடக்குநஞ்சுக் கூட்டத்தின் தலைவர் சாக்ஸிடாக்ஸின். அலாஸ்காவின் சாக்ஸிடோமஸ் என்ற மட்டியிலிருந்து 1957-இல் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர்.

இந்த ஆள் கொதிக்கு அஞ்சமாட்டான். புளிப்பு அவனுக்கு இன்னும் சௌகரியம். காரத்தன்மை உள்ள நீரில்தான் உடைவான். அமிலத்தில் கொதிக்க வைத்தாலும் அப்படியே நிற்பான். ஆய்வுக்கூடத்தில் இவனைச் சதையிலிருந்து வெளியே எடுக்கும் பழைய முறை என்ன தெரியுமா? அரைத்த சதை 100 கிராம், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லி, 5 நிமிடம் கொதி. ஆறவிட்டு, புளிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தெளிவை இறுத்துக்கொள்ள வேண்டியது. அத்தையின் அடுப்பிலும் ஏறக்குறைய அதுதான் நடந்துகொண்டிருந்தது. வாய் திறந்த மட்டியிலிருந்து சதையைப் பிரித்துவிட்டு, வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல், "அதிலதான் ருசியே" என்று வடிகட்டிக் குழம்புக்கு வைத்துக்கொண்டார். நஞ்சு இருந்திருந்தால் அதன் ஒரு பங்கு அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்தால் நஞ்சு குறையலாம். செட்டிநாட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு சரி, குழம்புக்கு யார் சம்மதிப்பார்கள்?

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 1981-இல் கல்பாக்கம் பக்கத்தில் வாயலூரில் மட்டி தின்று 3 பேர் இறந்தார்கள், 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 1997-இல் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று 7 பேர் போனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர். அந்த வீடுகளிலும் மஞ்சள் இருந்திருக்கும்.

நண்டு, இறால் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். அவை தண்ணீரைச் சலித்துத் தின்பவை அல்ல. இந்தப் பேச்சு இரட்டை ஓட்டுக்காரர்களைப் பற்றியது.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இதற்கு உலகம் முழுக்க இருந்த பதில் சுண்டெலி. 1927-இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் பலர் சிப்பி தின்று விழுந்த பிறகு சோமர், மேயர் என்ற இருவர் ஆராயத் தொடங்கி, 1937-இல் வெளியிட்ட முறை. நான் சொன்ன அந்த அமிலத் தெளிவில் 1 மில்லியை எடுத்து, 20 கிராம் எடையுள்ள வெள்ளைச் சுண்டெலியின் வயிற்றில் ஊசியால் ஏற்றி, கடிகாரத்தை அழுத்த வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கடிகாரம் பிடிப்பது என் பொறுப்பு. ஒன்றும் ஆகாதது போல எலி ஒரு நிமிடம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும். பிறகு ஓரத்தில் ஒதுங்கும். பின்கால் இழுபடும். திடீரென்று ஒரு துள்ளல். அப்புறம் வாயைத் திறந்து திறந்து மூடும். கடைசி மூச்சு எது என்று பார்த்துக் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். இதுதான் கடைசி என்று நினைத்து நிறுத்தியபின் இன்னொரு மூச்சு வரும். திரும்ப எழுத வேண்டும். 5 முதல் 7 நிமிடத்துக்குள் இறந்தால் கணக்குக்குத் தோதான நேரம். அதற்கு முன்னால் இறந்தால் தெளிவை இன்னும் நீர்க்கவிட்டு அடுத்த எலி. மூன்று எலிகளின் நேரத்தில் நடு நேரத்தை எடுத்து, சோமர் அட்டவணையில் பார்த்தால் எத்தனை 'எலி அலகு' என்று வரும். 15 நிமிடத்தில் ஓர் எலியைக் கொல்லும் அளவு ஓர் அலகு. சாக்ஸிடாக்ஸின் கணக்கில் 0.2 மைக்ரோகிராமை ஒட்டி. ஒரு கிலோ சதைக்கு 800 மைக்ரோகிராம் தாண்டினால் விற்கக் கூடாது. தூள் உப்பில் பத்துப் பதினைந்து துகள் எடை, ஒரு கிலோ கறிக்குள் பரவிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலையை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆனால் எலியை மட்டம் தட்டிப் பேசுகிற இளம் வேதியியலாளர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அதற்குக் காரணம் 1987.

அந்த வருடம் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விழுந்தார்கள். வாந்தி, பேதி, தலைவலி. சிலருக்கு நினைவே போய்விட்டது, திரும்பி வரவேயில்லை. மூன்று பேர் இறந்தார்கள். வழக்கமான முடக்குநஞ்சுதான் என்று நினைத்து எலிக்கு ஊசி போட்டுப் பார்த்தால், எலி வழக்கம்போல இறக்கவில்லை. பின்னங்காலைத் தூக்கித் தோள்பட்டையைச் சொறிந்தது. சொறிந்துகொண்டே இருந்தது. அதுவரை அந்தச் சோதனையில் யாரும் பார்த்திராத நடத்தை. அந்தச் சொறிதலைப் பிடித்துக்கொண்டு சாற்றைப் பிரித்துக்கொண்டே போனார்கள். சில நாட்களிலேயே டோமோயிக் அமிலம் கையில் வந்தது. ஜப்பானில் ஒரு கடற்பாசியிலிருந்து எடுத்து வயிற்றுப்பூச்சிக்கு மருந்தாகக் கொடுத்துவந்த அதே பொருள்! சிப்பியில் அது நஞ்சாக வரும் என்று யார் பட்டியலிலும் இல்லை. அன்று எல்லாச் சோதனையையும் கருவியிடம் விட்டிருந்தால், கருவி 'எல்லாம் சரி' என்று அச்சடித்துக் கொடுத்திருக்கும்.

எங்கள் தாத்தா ரங்கூனில் ஒரு செட்டியார் லேவாதேவிக் கடையில் கணக்குப்பிள்ளை. பேரேட்டில் யார் பெயர் எந்தப் பக்கம், வட்டி எத்தனை, பற்று எத்தனை, வரவு எத்தனை என்று தூக்கத்திலும் சொல்வார் என்பார்கள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு வீட்டில் ஒரு நாய் வளர்த்தார். ஒருநாள் அப்பத்தா சொன்னது: "பேரேட்டில பேர் இருக்கிறவனைத்தான் ஒங்க தாத்தாவுக்குத் தெரியும். பேர் இல்லாதவன் ராத்திரி செவரேறி வந்தா மணிக்குத்தான் தெரியும்." மணி என்பது நாய். தபால்காரரைப் பார்த்தாலும் அது அதே குரலில்தான் குரைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வேலையில் இத்தனை வருடம் கழித்து யோசித்தால், சுண்டெலி மணி, கருவிகள் தாத்தா.

தாத்தாக்களில் மூத்தவர் எச்பிஎல்சி. சாற்றிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் ஒளிர்வைப் பார்க்கும் கருவி. லாரன்ஸ் முறை என்பார்கள். சாக்ஸிடாக்ஸின் தானாக ஒளிராது. பெராக்சைடாலோ பெரியோடேட்டாலோ ஆக்ஸிஜனேற்றினால் ஒளிரும் பொருளாக மாறும். அதை நீளக் குழாய்க்குள் அனுப்பினால் ஒவ்வொன்றும் தன் நேரத்துக்கு வந்து திரையில் ஒரு கோபுரம் எழுப்பிவிட்டுப் போகும். எலியின் உயிர் மிச்சம், எண்ணும் துல்லியம். ஆனால் வேலை கொஞ்சமில்லை. ஒரே சாற்றைச் சுத்தப்படுத்தி, வடிகட்டி, மறுபடி வேறொரு வடிகட்டியில் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆக்ஸிஜனேற்ற வேண்டும். சாக்ஸிடாக்ஸினின் உறவுக்காரர்களான கோனியாடாக்ஸின் 2, 3 என்ற இரட்டையர் ஆக்ஸிஜனேற்றத்துக்குப் பிறகு ஒரே கோபுரமாக வருவார்கள். 1, 4 என்ற இரட்டையரும் அப்படியே. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவே மாட்டார்கள். பெரியோடேட் சரியாக வேலை செய்ய நஞ்சில்லாத ஆளியின் சாற்றைக் கொஞ்சம் சேர்க்க வேண்டும் என்பது இன்னொரு வேடிக்கை. ஆளியில் நஞ்சைத் தேட நல்ல ஆளி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் முடக்குநஞ்சுக்கு இதைத்தான் ஆதார முறையாக வைத்தது.

அடுத்தவர் நிறைநிறமாலைக் கருவி. எல்சி-எம்எஸ் என்றுதான் நாங்கள் சொல்வோம். மூலக்கூறை எடைபோட்டு, உடைத்து, துண்டுகளையும் எடைபோடுவார். 300 எடையில் வரும் ஒன்றை உடைத்து 204-உம் 282-உம் கிடைத்தால் சாக்ஸிடாக்ஸின். 312 வந்து 266 ஆனால் டோமோயிக் அமிலம். வயிற்றுப்போக்கு நஞ்சான ஒகடாயிக் அமிலம், அயர்லாந்துச் சிப்பியால் 1995-இல் நெதர்லாந்தில் வெளிப்பட்ட அசாஸ்பிராசிட், எசோடாக்ஸின் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கொழுப்பில் கரையும் நஞ்சுகளுக்கு 2011 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் இவர்தான் ஆதாரம். எலிக்கு 2014 முடிவு வரை அவகாசம் கொடுத்து, பிறகு நிறுத்திவிட்டார்கள்.

இவரிடமும் குறை உண்டு. மட்டியின் சாறு அழுக்கானது. அதிலிருக்கும் உப்பும் கொழுப்பும் நஞ்சின் சைகையை அமுக்கிவிடும். அதே நஞ்சை, அதே அளவில், தூய கரைசலில் போட்டால் ஓர் எண், மட்டிச் சாற்றில் போட்டால் வேறோர் எண். இதைச் சரிக்கட்டத் தெரிந்த வேதியியலாளர் இல்லாவிட்டால், கோடி ரூபாய்க் கருவி பொய் சொல்லும், நான்கு தசம இடம் வரை.

எல்லாவற்றுக்கும் மேலே, பேரேட்டில் பேர் எழுத மாதிரி நஞ்சு வேண்டும். அளவறிந்த தூய சாக்ஸிடாக்ஸின் ஒரு குப்பியில் சில மைக்ரோகிராம் வரும். கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகம் விற்கும் குப்பிகளை நம்பித்தான் உலகின் பல ஆய்வுக்கூடங்கள் ஓடுகின்றன. சாக்ஸிடாக்ஸின் இரசாயன ஆயுத ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில், கடுகு வாயுவோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. 1960-இல் சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 உளவு விமானி பவர்ஸ், சிக்கினால் குத்திக்கொள்ள வெள்ளி டாலருக்குள் ஒளித்து வைத்திருந்த ஊசியில் பூசியிருந்தது இதுதான். எங்கள் குப்பிக்காக நான் நிரப்பிய படிவங்களைப் பார்த்த கணக்குப் பிரிவுத் தம்பி, "சார், மட்டிக்குத்தானே?" என்று இரண்டு தடவை கேட்டான்.

குப்பி கையில் இருந்தாலும் கூட்டல் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. நஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு. எல்லாம் சமமான கொடியவை அல்ல. ஒவ்வொன்றின் அளவையும் ஒரு காரணியால் பெருக்கி, சாக்ஸிடாக்ஸினுக்குச் சமமாக்கிக் கூட்ட வேண்டும். கோனியாடாக்ஸின் 2-க்கு 0.4, 5-க்கு 0.1 என்பதுபோல. நியோசாக்ஸிடாக்ஸினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009-இல் 1 என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பிறகு 2 என்றது. ஒரே மட்டி, ஒரே கருவி, ஒரே நாள். எந்தப் பட்டியலை எடுத்தோம் என்பதைப் பொறுத்து 800-க்குக் கீழே இருக்கும், மேலே போகும். எலிக்கு இந்தக் கூட்டல் தெரியாது. அதன் உடம்பே கூட்டிக்கொள்ளும்.

அப்படியென்றால் எலிதான் மேலா? இல்லை. இங்கேதான் என் மூன்று சுண்டெலிகளின் கதை.

ஒகடாயிக் அமிலத்துக்கு எலிச் சோதனை வேறு விதம். அசிட்டோனில் சாறெடுத்து, வற்றவைத்து, மூன்று எலிகளுக்கு ஏற்றி 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மூன்றில் இரண்டு இறந்தால் சரக்கு நிற்கும். பல வருடங்களுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், ஒரு மாதிரி. இரவு எட்டு மணிக்கு ஏற்றினோம். காலை வந்து பார்த்தால் இரண்டு விறைத்துக் கிடந்தன, ஒன்று மரத்தூளில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. விதிப்படி எழுதிக் கொடுத்தேன். சரக்கு குளிர்கிடங்கில் நின்றது. அனுப்பியவர் நேரில் வந்து, சத்தம் போடாமல், நாற்காலியில் உட்கார்ந்து, "சார், என் சிப்பியில என்ன இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எலி செத்தது என்று சொல்ல முடிந்தது. எதனால் என்று சொல்ல முடியவில்லை.

அதே சாற்றைக் கருவியுள்ள வேறோர் இடத்துக்கு அனுப்பியபோது ஒகடாயிக் அமிலம் இல்லை, அதன் கூட்டாளிகளும் இல்லை. கொழுப்பு அமிலங்கள் குவிந்து கிடந்தன. நன்றாகக் கொழுத்த சிப்பியின் கொழுப்பு அமிலங்களை வயிற்றுக்குள் நேராக ஏற்றினால் எலி சாகும். ஹெக்ஸேனில் ஒருமுறை கழுவியிருந்தால் போயிருக்கும். எங்கள் நடைமுறைத் தாளில் அந்தக் கழுவல் இருந்தது. அவசரத்தில் அன்று தவிர்த்திருந்தோம். தவிர்த்தது நான் அல்ல என்று சொல்லலாம்தான். கையெழுத்து என்னுடையது.

எலி பொய்யாகக் குரைக்கும் இடங்கள் இன்னும் உண்டு. துத்தநாகம் அதிகம் சேர்ந்த ஆளி எலியைக் கொன்றிருக்கிறது. எசோடாக்ஸின் வயிற்றில் ஏற்றினால் கொடுமை. வாய்வழி போனால் அவ்வளவு இல்லை. நாம் யாரும் சிப்பியை வயிற்றில் ஊசியாக ஏற்றிக்கொள்வதில்லையே! இதைப் புரிந்துகொண்டுதான் 2013-இல் ஐரோப்பா அதன் வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 3.75 ஆக உயர்த்தியது. மறுபக்கம், சாற்றில் உப்பு மிகுந்தால் எலி நஞ்சைக் குறைத்துக் காட்டும். தபால்காரரைக் குரைத்துத் துரத்திய மணி, மாமிசத் துண்டு போட்ட திருடனைக் கண்டு வாலாட்டியதும் உண்டு என்று அப்பத்தா சொல்வார்.

எலிக்கும் கருவிக்கும் நடுவில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. எதிர்ப்பொருளை வைத்து நஞ்சைப் பிடிக்கும் எலைசா சோதனை விரைவு, ஆனால் சாக்ஸிடாக்ஸினுக்காக வளர்த்த எதிர்ப்பொருள் நியோசாக்ஸிடாக்ஸினைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. துறையில் நின்று சலித்துப் பார்க்க நல்லது, தீர்ப்புச் சொல்ல ஆகாது. எலி மூளையின் சவ்வை எடுத்து, கதிரியக்கம் ஏற்றிய சாக்ஸிடாக்ஸினோடு போட்டி போடவிடும் ஏற்பிப் பிணைப்பு முறை உண்டு. பன்னாட்டு அணுசக்தி முகமை பல நாடுகளில் இதைச் சொல்லிக்கொடுத்தது. நல்ல முறைதான், கதிரியக்க உரிமம் வாங்குவதற்குள் மட்டிப் பருவம் முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது செல் சோதனை. நரம்புச் செல்களைச் சின்னச் சின்னக் குழிகளில் வளர்க்கிறோம். அதில் வெராட்ரிடின் என்ற பொருளைப் போட்டால் செல்லின் சோடியக் கதவுகள் திறந்தபடி நின்றுவிடும். ஊவாபைன் போட்டால், உள்ளே வந்த சோடியத்தை வெளியேற்றும் இறைப்பான் நின்றுவிடும். கதவு திறந்த வீடு, இறைக்க ஆளில்லாத கிணறு, செல் சாகும். இப்போது அதே குழியில் சாக்ஸிடாக்ஸின் உள்ள சாற்றை ஊற்றுங்கள். அவன் வேலையே சோடியக் கதவை அடைப்பதுதானே? அடைக்கிறான். செல் பிழைத்துவிடுகிறது. கடைசியில் ஒரு மஞ்சள் சாயத்தை விட்டால் உயிருள்ள செல்கள் அதை ஊதா ஆக்கும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நஞ்சு. நம்மைக் கொல்கிறவன் அங்கே காப்பாற்றுகிறான். முதல்முறை அந்தத் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது, நல்ல மாதிரிகள் வெளிறிக் கிடக்க, நஞ்சுள்ள ஒரே வரிசை கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. கடிகாரம் பிடித்த நாட்களுக்கு அது பிராயச்சித்தம் போலிருந்தது.

இந்த முறை கதவடைப்பவர் யாராயிருந்தாலும் காட்டும். பேத்தை மீனில் இருக்கும் டெட்ரோடோடாக்ஸினும் அதே கதவைத்தான் அடைக்கும். தொண்டிப் பக்கம் பேத்தை வலையில் வந்தால் திரும்பக் கடலில் எறிவார்கள். அதைச் சொல்லித்தர ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஆனால் அதே நஞ்சு இங்கிலாந்திலும் கிரீஸிலும் சிப்பிக்குள் இருந்தது 2015-இல்தான் வெளியே தெரிந்தது. லாரன்ஸ் முறைக்கு அது கண்ணிலேயே படாது. செல்லுக்குப் படும், எலிக்கும் படும். படும் என்பதோடு சரி. யார் என்று சொல்ல அவற்றால் முடியாது.

காரைக்குடியில் படித்த காலத்தில், சிக்ரி வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு நாளில் எங்களை வரிசையாகக் கூட்டிப் போனார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம். ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு மின்வாய், ஒரு முள். கரைசலில் ஒரு சொட்டு விட்டதும் முள் நகர்ந்தது. அவ்வளவுதான் காட்டினார்கள், எனக்கு அது போதுமாயிருந்தது. இன்று மின்வாயின் மேல் எதிர்ப்பொருளையோ டிஎன்ஏ இழையையோ ஒட்டி, நஞ்சு வந்து அமர்ந்தால் மின்னோட்டம் மாறுகிற உணரிகளைப் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரை வருகிறது. சர்க்கரை அளக்கும் கருவி மாதிரி, தொண்டித் துறையில் ஒரு சொட்டு விட்டால் எண் வரும் என்பது கனவு. கட்டுரைகளில் எல்லாம் தூய கரைசலில் பிரமாதமாக ஓடுகிறது. மட்டிச் சாற்றை ஊற்றும்போதுதான் புரதம் மின்வாயில் ஏடு மாதிரி படிந்து முள்ளை மயக்குகிறது. நான் அவநம்பிக்கைக்காரன் அல்ல, ஆனால் ஒரு முறையைப் புகழ்கிறவரிடம் முதலில் நான் கேட்பது, "எந்தச் சாற்றில் ஓட்டினீர்கள்?"

எதை வைத்திருந்தாலும் கடைசியில் தாளில் எழுதும் வார்த்தைதான் வெளியே போகிறது. எங்கள் அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதுவோம். அதன் கீழே எந்த முறை, எந்த அளவுக்குக் கீழே அந்த முறைக்குத் தெரியாது என்பதும் இருக்கும். மேலாளர் ஒருவர் அதை 'நஞ்சு இல்லை' என்று சுருக்கச் சொன்னார். வாடிக்கையாளருக்கு எளிதாகப் புரியுமாம். மூன்று மாதம் இழுபறி. எலிச் சோதனையின் தாளில் அந்தக் கீழ்வரம்பு கிலோவுக்கு 400 மைக்ரோகிராம் பக்கம். அதாவது சட்ட வரம்பில் பாதி. 350 இருந்தாலும் எலி ஓடி விளையாடும். அதை 'இல்லை' என்று எப்படி எழுதுவது? கடைசியில் கீழ்க்குறிப்பின் எழுத்தைச் சிறிதாக்கி இருவரும் சமாதானமானோம். இன்று வரை அந்தச் சமாதானம் எனக்குப் பிடிக்கவில்லை.

அத்தையின் குழம்பை நான் சாப்பிட்டேனா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். இரண்டு கரண்டி. சோம்பும் சின்ன வெங்காயமும் புளியும் சேர்ந்து, மட்டி ரப்பராகாமல் சரியான பதத்தில் இருந்தது. அரை மணி நேரம் உதட்டை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னப்பு, காரமா?" என்று அத்தை மோர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலை மீன்கார அம்மா மறுபடி வந்தார். வாசல் திண்ணையில் கூடையை இறக்கியதும், பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "அம்மா, இப்ப கடல் தண்ணி நிறம் எப்படி இருக்கு? பூங்கோரை ஏதும் வந்திருக்கா?"

பூங்கோரை வந்தால் மன்னார் வளைகுடாப் பக்கம் தண்ணீர் பச்சையாகத் திரண்டு மீன் செத்து ஒதுங்கும். அதைச் செய்கிற நொக்டிலூகா என்ற நுண்ணுயிரி சாக்ஸிடாக்ஸின் சுரப்பதில்லை. சுரக்கிற அலெக்ஸாண்ட்ரியமோ, தண்ணீரின் நிறம் கொஞ்சமும் மாறாத அளவில் இருந்தே மட்டியை நஞ்சாக்கிவிடும். இதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"பூங்கோரை இல்ல தம்பி, தண்ணி தெளிவாக் கெடக்கு. ஏன் கேக்குறீங்க?"

"மட்டிக்குத்தான். நஞ்சு கிஞ்சு இருக்குமோன்னு."

அவர் சிரித்தார். "முந்தாநேத்து எங்க வீட்டுல அஞ்சு பேரு தின்னோம். பேரப்புள்ள உட்பட. எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்?"

எலிகள் மூன்று, இவர்கள் ஐந்து பேர். நேரமும் 24 மணிக்கு மேல் ஆகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

"நேத்து எங்களுக்குக் கொடுத்ததும் அதே இடத்துல எடுத்ததா?"

"இல்ல தம்பி. அது வேற எடம். அங்கிட்டு நாங்க போறதில்ல, மருமவன் எடுத்துட்டு வந்தான்" என்று சொல்லிவிட்டு, ஈரச்சாக்கை விலக்கி, "இன்னைக்கு நண்டு இருக்கு, பாருங்க" என்றார்.